ஆளுக்கு முந்நூறு கார்டு

சேகரிப்பின் கதை – 18

சென்ற வாரம் கதையை அட்லான்டிக் கடலில் நிறுத்தியிருந்தேன். டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர், 1952-ல் விற்காமல் போய் புரூக்ளின் கிடங்கில் முடங்கிக் கிடந்த பேஸ்பால் கார்டுகளை 1960-ல் குப்பைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் கொட்டிவிட்டு வந்தார். மிக்கி மேன்ட்டிலின் 311-ம் எண் கார்டும் அதோடு கட்டுக்கட்டாக மூழ்கிப்போனது. தப்பியவற்றில் ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த வாரம், யாருமே தூக்கிப் போடாத கார்டுகளைப் பற்றி.

எண்பதுகளில் அமெரிக்காவில் நாற்பதைத் தொட்ட ஆண்கள் பலரிடம் ஒரே புலம்பல். "நான் காலேஜுக்குப் போன சமயம் பார்த்து அம்மா என் கார்டையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டாள்." ஷூ பெட்டியில் அடுக்கி வைத்தவை, சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடவென்று சத்தம் எழுப்பியவை, சுவரில் எறிந்து விளையாடி முனை மழுங்கியவை என்று ஒரு தலைமுறையின் கார்டுகள் அப்படிப் போயின. அதற்கும் முந்தியவற்றில் ஏராளமானவை இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டியதில் கூழாகிவிட்டன. எஞ்சியவற்றின் விலை ஏறியது. பத்திரிகைகள் பங்குச் சந்தையோடு ஒப்பிட்டு எழுதத் தொடங்கின. உடனே ஊரே ஒரு முடிவுக்கு வந்தது: கார்டு என்றால் பணம். வாங்கு, பிரிக்காதே, பரணில் வை, பையன் காலேஜ் சேரும்போது விற்றுக்கொள்ளலாம்.

ஒரு வருடம் தக்காளி நல்ல விலைக்குப் போனதென்று மறுவருடம் ஊரே தக்காளி போட்டால் என்ன ஆகும் என்பதை நம் விவசாயிகளிடம் கேட்டிருக்கலாம். பழைய கார்டுகள் விலை போனதற்குக் காரணமே பெரும்பாலானவர்கள் அவற்றைத் தொலைத்ததுதான். புதியவற்றை ஒருவரும் தொலைக்கவில்லை. 1986, 87 வாக்கில் தொடங்கி 1993, 94 வரை நீண்ட அந்தக் காலத்தை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘ஜங்க் வாக்ஸ்’ காலம் என்கிறார்கள். வாக்ஸ் என்றது பாக்கெட்டைச் சுற்றியிருந்த மெழுகுத்தாளை. ஜங்க் எது என்பது போகப் போகத் தெரியும்.

அத்தனை அச்சு இயந்திரங்கள் ஓடுவதற்கு வழி செய்தது ஒரு வழக்கு. 1956-ல் போமன் கம்பெனியை வாங்கிப் போட்ட பிறகு டாப்ஸுக்குச் சொல்லிக்கொள்ளும்படி போட்டி இல்லை. சிறிய லீகுகளில் ஆடும் பையன்களையே தேடிப் போய், கையில் ஐந்து டாலரைக் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடும். பெரிய லீகுக்கு வந்து புகழ் பெற்றவர்களை வேறு யாரும் நெருங்க முடியாது. பிலடெல்பியாவின் ஃப்ளீர் கம்பெனி 1975-ல் நீதிமன்றம் போனது. (இன்றைய பபுள் கம்மை 1928-ல் உருவாக்கியவர் அந்தக் கம்பெனியின் கணக்கர் வால்டர் டீமர். கணக்குப் பார்த்த நேரம் போக கம் கிண்டியிருக்கிறார்.) 1980-ல் நீதிபதி கிளாரன்ஸ் நியூகமர் ஃப்ளீருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நஷ்டஈடு ஒரு டாலர். ஏகபோகத் தடைச் சட்டப்படி அதை மூன்றால் பெருக்க வேண்டும் என்பதால் மூன்று டாலர்.

மூன்று டாலர் தீர்ப்பை நம்பி 1981-ல் ஃப்ளீரும், மெம்ஃபிஸ் நகரத்தின் டான்ரஸும் கார்டு வெளியிட்டன. அந்த ஆகஸ்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஆனாலும் ஒரு சந்து இருந்தது. டாப்ஸின் தனியுரிமை கார்டைத் தனியாக விற்பதற்கும் கம், மிட்டாயோடு விற்பதற்கும்தான். வேறு பொருளோடு விற்றால்? அடுத்த ஆண்டு ஃப்ளீர் தன் பாக்கெட்டில் ஸ்டிக்கரை வைத்தது. டான்ரஸ் படப்புதிரின் துண்டுகளை வைத்தது. யாரும் ஸ்டிக்கருக்காகவோ புதிருக்காகவோ வாங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1988-ல் ஸ்கோர் வந்தது, 1989-ல் அப்பர் டெக். எட்டு ஆண்டுகளில் ஒன்று ஐந்தாகிவிட்டது.

டாப்ஸின் வருடாந்தரத் தொகுதியில் அப்போது 792 கார்டுகள். தாளுக்கு 132 வீதம் ஆறு தாள். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு தாள்களும் எத்தனை லட்சம் தடவை அச்சேறின என்பதைக் கம்பெனி வெளியே சொன்னதில்லை. டேவ் ஜேமிசன் 2010-ல் வெளியிட்ட ‘மின்ட் கண்டிஷன்’ நூலில் அக்காலத்து வணிக இதழ் ஒன்றின் மதிப்பீட்டைத் தருகிறார். உச்சத்தில் ஆண்டுக்கு 8,100 கோடி கார்டுகள். தொட்டில் குழந்தை முதல் தொண்டு கிழம் வரை கணக்கெடுத்தாலும் அமெரிக்கர் ஒருவருக்கு முந்நூறுக்கு மேல். மிகைப்படுத்திய மதிப்பீடு என்று வைத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும் ஆளுக்கு நூற்றைம்பது வருகிறது.

அந்த வெறிக்கு வேதநூலாக இருந்தது ஒரு மாத இதழ். புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட் 1984-ல் தொடங்கிய ‘பெக்கெட் பேஸ்பால் கார்டு மன்த்லி’. ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே விலை, விலை ஏறியிருந்தால் மேல்நோக்கிய அம்பு, இறங்கியிருந்தால் கீழ்நோக்கிய அம்பு. பத்து வயதுப் பையன்கள் அம்பைப் பார்த்துத் தங்கள் சொத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள். அச்சிட்ட விலைக்கு வாங்க ஆள் வருமா என்பது வேறு கேள்வி. எல்லோருடைய கண்ணும் ரூக்கி கார்டு மேல். ஒரு வீரர் பெரிய லீகுக்கு வரும் சமயத்தில் வெளியாகும் முதல் கார்டு அது. அவர் மேன்ட்டில் ஆகிவிட்டால் யோகம். நியூயார்க் மெட்ஸின் கிரெக் ஜெஃபரீஸ், ஓக்லண்டின் டாட் வான் பாப்பல் ஆகியோரின் ரூக்கி கார்டுகளை நூறு நூறாக வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. ஜெஃபரீஸ் மோசமில்லாத ஆட்டக்காரராக ஓய்வு பெற்றார். வான் பாப்பல் அந்த அளவுக்கும் வரவில்லை.

சரிவை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1994 ஆகஸ்ட் 12-ல் வீரர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள், அந்த வருட வேர்ல்டு சீரிஸே ரத்தானது, ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், கடைகள் மூடின. ஸ்கோரை வெளியிட்டு வந்த பினாக்கிள் 1998-ல் திவாலானது, ஃப்ளீர் 2005-ல் கடையைக் கட்டியது. பையன்கள் காலேஜ் சேர்ந்தபோது பரணிலிருந்து இறக்கிய பெட்டிகளை வாங்க ஆளில்லை. 1988-ம் வருட டான்ரஸில், பாக்கெட்டுக்கு 15 கார்டு வீதம் 36 பாக்கெட் கொண்ட பிரிக்காத பெட்டி, சினிமா டிக்கெட் இரண்டின் விலைக்குப் பல ஆண்டுகள் கிடைத்தது. 540 கார்டுகள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தத் தொடரில் அதற்கு ஒரு பத்தி போதும். ஆனால் 2020-ல் பெருந்தொற்று எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபோது அந்தப் பரண் பெட்டிகள் மறுபடி இறங்கின. கார்டுகளுக்குத் தரச்சான்று தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் வந்து குவிந்ததைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் புதிதாக வாங்குவதையே நிறுத்தி வைத்தது. அந்தக் குவியலில் சில கார்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. எவை அவை என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கம்பெனிகள் பொக்கிஷம் என்று கூவி விற்றதில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அச்சுக்கூடத்தில் ஒருவர் அசந்த நேரத்திலும், விற்பனைப் பிரிவு பெரிதாக எண்ணாத சில்லறை வேலைகளிலும்தான் சரக்கு இருந்தது.

ஃபிராங்க் தாமஸின் கார்டை எடுத்துக்கொள்வோம். 1990-ம் வருட டாப்ஸ், எண் 414. சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குத் தேர்வான இளைஞர், இன்னும் கல்லூரிச் சீருடையில் நிற்கிறார். பின்னாளில் 2014-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். இந்தக் கார்டு லட்சக்கணக்கில் உண்டு. ஒரு சில டாலர் கொடுத்தால் கிடைக்கும். ஆனால் மிகச் சில கார்டுகளில் முன்பக்கத்தில் பெயர் இருக்காது. பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கும். அதற்குத்தான் பல ஆயிரம் டாலர் விலை.

பெயர் எங்கே போனது? வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள் அடுத்தடுத்து ஒரே தாளில் பதியும். பெயர் எழுத்துகளும் ஓரக்கோடுகளும் கறுப்புத் தகட்டின் வேலை. ஏதோ ஒரு கட்டத்தில் கறுப்புக்கு மட்டும் தடையாக ஏதோ ஒரு துண்டு குறுக்கே விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் மற்ற மூன்று நிறங்களும் பதிந்தன, கறுப்பு பதியவில்லை. கவனித்துச் சரிசெய்வதற்குள் ஓடிய தாள்கள்தான் இன்றைய புதையல்.

இதைச் சேகரிப்பாளர்கள் நிறுவிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. துண்டு விழுந்தது தாமஸ் மேல் மட்டும் இருக்க முடியாது. தாளில் அக்கம்பக்கத்தில் இருந்த கார்டுகளிலும் பட்டிருக்க வேண்டும். வெட்டாத முழுத் தாள்களைப் பார்த்து 414-க்கு மேலே யார், கீழே யார், பக்கத்தில் யார் என்று கண்டறிந்து, அந்த வீரர்களின் கார்டுகளை மூட்டை மூட்டையாகக் கிளறினார்கள். ஒன்றில் ஓரக்கோட்டில் ஓர் அங்குலம் இல்லை, இன்னொன்றில் மூலை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட கார்டுகளில் கறுப்பு விட்டுப்போன பகுதிகளைத் தாளில் இருந்தபடியே அடுக்கினால், விழுந்த துண்டின் உருவம் தெரிகிறது. யாரும் சீண்டாத ஆட்டக்காரர்களின் கார்டுகள் அந்த ஓர் அங்குலக் கோடு இல்லாததால் விலை பெற்றுவிட்டன. கொலை வழக்கைத் துப்புத் துலக்குவதுபோல் இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள்.

இந்த வரைபடத்தால் இன்னொரு உபயோகம். பெயரை ரசாயனம் போட்டு அழித்துவிட்டு ஏமாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையான கார்டில் பெயரோடு சேர்ந்து கட்டத்தின் கறுப்புக் கோடும் ஓரக்கோட்டின் ஒரு பகுதியும் காணாமல் போயிருக்கும். கோடெல்லாம் ஒழுங்காக இருந்து பெயர் மட்டும் இல்லையென்றால், விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

பிழை என்றதும் எல்லாப் பிழையும் காசு என்று நினைத்துவிடக் கூடாது. 1990 டான்ரஸ் தொகுதியில் பிழை இல்லாத பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனிப் பெயருக்குப் பிறகு ‘இன்க்’ என்பதன் பக்கத்தில் சில கார்டுகளில் புள்ளி உண்டு, சிலவற்றில் இல்லை. இந்தப் புள்ளியைக் காட்டி இணையத்தில் ஆயிரம் டாலர் கேட்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். கேட்கலாம், தடையில்லை. புள்ளி உள்ளதும் லட்சம், இல்லாததும் லட்சம் என்னும்போது யார் கொடுப்பார்கள்?

பில்லி ரிப்கென் விவகாரம் இதில் தனி ரகம். புகழ்பெற்ற கேல் ரிப்கெனின் தம்பி. 1989 ஃப்ளீர், எண் 616. மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மட்டையின் அடிக்குமிழில் வாசிக்கக் கூடிய அளவில் ஒரு கெட்ட வார்த்தை. பயிற்சி மட்டையை அடையாளம் தெரிந்துகொள்ளத் தானே எழுதியதாகப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். அச்சேறும்வரை ஃப்ளீரில் யாருமே கவனிக்கவில்லையாம். நம்புவது அவரவர் விருப்பம். விஷயம் வெடித்ததும் கம்பெனி அவசர அவசரமாக அழித்தது. முதலில் வெள்ளை மையால் பூசியது, பிறகு கிறுக்கியது, கடைசியில் கறுப்புக் கட்டம் போட்டு மூடியது. கெட்ட வார்த்தை தெரியும் கார்டை எல்லோரும் ஓடி ஓடி வாங்கிப் பத்திரப்படுத்தியதால் அது இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. சீக்கிரமே கைவிடப்பட்ட வெள்ளைப் பூச்சுதான் அதைவிட அரிது, விலையும் அதிகம்.

இனி அச்சுக்கூடத்தை விட்டு வெளியே வருவோம். டாப்ஸ் 1984 முதல் 1991 வரை தன் வழக்கமான தொகுதியையே நல்ல வெள்ளை அட்டையில், பளபளப்பு ஏற்றி, முழுத் தொகுதியாகக் கார்டு வியாபாரிகளுக்கு மட்டும் விற்றுவந்தது. சேகரிப்பாளர்கள் அதை ‘டிஃபனி’ என்பார்கள். கடைப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது கையளவு. 1986-ல் 5,000 தொகுதிகள். அந்த வருடக் கூடுதல் தொகுதியில்தான் பாரி பாண்ட்ஸின் கார்டு வந்தது. 762 ஹோம் ரன் அடித்து பெரிய லீகின் சாதனையை வைத்திருப்பவர். ஊக்கமருந்துப் புகாரால் ஹால் ஆஃப் ஃபேம் வாசலிலேயே நிற்பவர். வழக்கமான தொகுதியின் கார்டும் அதன் டிஃபனி கார்டும் முன்பக்கத்தில் ஒரே படம். விஷயம் தெரியாதவர் இரண்டையும் ஒரே குவியலில் போட்டுவிடுவார். திருப்பிப் பார்த்தால் ஒன்றின் முதுகு மங்கல் பழுப்பு, மற்றதன் முதுகு பளிச்சென்ற வெள்ளை. பழைய பெட்டி கிளறுகிறவர்கள் கார்டின் முகத்தைவிட முதுகைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர். சவுதிப் பாலைவனத்தில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு அனுப்புவதற்காக டாப்ஸ் அந்த வருடத் தொகுதியில் ஒரு பகுதியை எடுத்து, ஒவ்வொரு கார்டின் மூலையிலும் பேரீச்சை மரம் கொண்ட சிறிய பொன்னிறக் கேடய முத்திரையைப் பதித்தது. ‘ஆபரேஷன் டெசர்ட் ஷீல்டு’ என்ற எழுத்தோடு. விளம்பரமோ கடை விற்பனையோ கிடையாது. மணலிலும் வெயிலிலும் கூடாரத்தில் பிரித்து, பார்த்து, சீட்டாட்டத்தில் கைமாறி, பலவும் அங்கேயே விடப்பட்டன. திரும்பி வந்தவையும் முனை மடங்கி வந்தன. அதாவது ஐம்பதுகளின் பையன்கள் கார்டை எப்படி வைத்துக்கொண்டார்களோ அப்படித்தான் இந்தச் சிப்பாய்களும். ஜங்க் வாக்ஸ் காலத்தில் இயல்பாகத் தொலைந்துபோன கார்டு என்று சொல்லத் தக்கது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சிப்பர் ஜோன்ஸின் ரூக்கி, எண் 333, முத்திரை இல்லாமல் ஒரு சில டாலர், முத்திரையோடு ஆயிரங்களில். முத்திரை சிறியது என்பதால் போலியும் அதிகம். பூதக்கண்ணாடி இல்லாமல் வாங்கக் கூடாது.

அதிகார வர்க்கத்துக்கென்று அச்சிட்டது வேறு. மூத்த ஜார்ஜ் புஷ் யேல் பல்கலைக்கழக அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர். ஜனாதிபதியாக இருந்தபோது 1990-ல் டாப்ஸ் அவருக்காக யேல் சீருடைப் படத்தோடு நூறு கார்டு அடித்து வெள்ளை மாளிகைக்குக் கொடுத்தது. நம் பரணில் இருக்க வாய்ப்பில்லை. தேடிக் களைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிக்கையில் அரிதானவை. எண்ணிக்கையில் அரிதே இல்லாத ஒரு கார்டு இந்தக் காலத்தின் அடையாளமாக நிற்கிறது என்பதுதான் சிக்கல்.

அப்பர் டெக் கலிஃபோர்னியாவில் பிறந்தது. அனஹெய்மில் இருந்த ஒரு கார்டு கடையின் பெயர்தான் கம்பெனிக்கும். 1984 டான்ரஸ் டான் மேட்டிங்லி கார்டுக்குப் போலிகள் உலவியதைப் பார்த்து, போலி செய்ய முடியாத கார்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் திட்டம். பின்பக்கத்தில் ஹாலோகிராம். மெழுகுத்தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மறுபடி ஒட்டிவிடலாம் என்பதால் அதற்குப் பதிலாகப் படலப் பாக்கெட். வெள்ளை அட்டை, நல்ல புகைப்படம். மற்றவர்கள் அரை டாலருக்குள் விற்றுக்கொண்டிருந்த நாளில் பாக்கெட் கிட்டத்தட்ட ஒரு டாலர்.

தொகுதியின் முதலாம் எண்ணை யாருக்குக் கொடுப்பது? கம்பெனியில் வேலை பார்த்த பதின்வயது இளைஞன் ஒருவனின் யோசனைப்படி, பெரிய லீகில் ஒரு பந்துகூடச் சந்தித்திராத கென் கிரிஃபி ஜூனியருக்குக் கொடுத்தார்கள். சியாட்டில் மரினர்ஸ் தொப்பியுடன் படமே இல்லை. சான் பெர்னார்டினோவின் சிறு லீக் அணித் தொப்பியோடு எடுத்த படத்தில் தொப்பியின் நிறத்தையும் எழுத்தையும் மாற்றி அச்சிட்டார்கள். அந்த ஏப்ரலில் 19 வயதில் களமிறங்கிய பையன் 630 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்று, 2016-ல் 99.3 சதவீத வாக்குகளோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். வான் பாப்பலை நம்பியவர்கள் தோற்ற பந்தயத்தில் கிரிஃபியை நம்பியவர்கள் ஜெயித்தார்கள்.

ஜெயித்தார்களா என்பது தரச்சான்றைப் பொறுத்தது. நாணய வியாபாரியான டேவிட் ஹால் 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ., கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தருகிறது. முனை நான்கும் கூராக இருக்கிறதா, ஓரம் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா. கிரிஃபியின் முதலாம் எண் கார்டு பல்லாயிரக்கணக்கில் அங்கே போயிருக்கிறது. அவற்றில் 10 வாங்கியவையே 4,000-க்கு மேல். அப்படியும் 10-க்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். 9-க்கு அதில் ஒரு பங்குதான். முதலாம் எண் அச்சுத்தாளின் மேல் இடது மூலையில் இருந்ததால் முனை அடிபட்டவை அதிகம் என்பார்கள். அதே காலத்துக் கார்டுகளில் இந்த மதிப்பெண் வேட்டை எங்கெங்கோ புகுந்திருக்கிறது. 1987 டான்ரஸின் கறுப்பு ஓரம் விரல் பட்டாலே உதிர்ந்து வெள்ளை தெரியும். அதனால் அதில் கிரெக் மேடக்ஸின் ரூக்கி பழுதில்லாமல் கிடைத்தால் கொண்டாட்டம். 1993 எஸ்.பி. தொகுதியில் டெரெக் ஜீட்டரின் கார்டு முழுக்க உலோகப் படலம் ஒட்டியது. பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே ஓரம் பெயர்ந்திருக்கும். 10 வாங்கியவை மிகச் சில. அவற்றின் விலை லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுக்கும் யோகம் உண்டு. முழுத் தொகுதியையும் 10 மதிப்பெண்ணில் சேர்க்கப் பந்தயம் போடுகிறவர்கள், யாருமே சான்றுக்கு அனுப்பாத ஓர் உதிரி ஆட்டக்காரரின் கார்டுக்கு நூறு டாலர்களைக் கூசாமல் கொடுப்பார்கள்.

எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு முனையின் பெயரால் 9-க்கும் 10-க்கும் நடுவே பல மடங்கு விலை வைப்பதை ஏற்க மனம் வரவில்லை. பி.எஸ்.ஏ. முதன்முதலாகச் சான்றளித்த ஹோனஸ் வாக்னர் கார்டே ஓரம் கத்தரிக்கப்பட்டது என்று, அதைக் கத்தரித்த பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டதை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். ஆனாலும் கிரிஃபிக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். 1989-ல் பாக்கெட் வாங்கக் காசில்லாமல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற பையன்கள் அவர்கள். அரிது என்பதற்காக அவர்கள் அதை வாங்கவில்லை.

பெட்டி கிடைத்தவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். உள்ளே தெரியும் செலோ பாக்கெட்டும், மூன்று கண்ணாடி அறை கொண்ட ரேக் பாக்கெட்டும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் பார்த்துக் கழித்தவை. மேலே நல்ல கார்டு தெரிந்தால் கடைக்காரர் அதை விட்டுவைத்திருக்க மாட்டார். மெழுகுப் பாக்கெட்டில் கம்மை ஒட்டிய கார்டில் கறை இருக்கும். டாப்ஸ் 1992-ல்தான் கம்மை நிறுத்தியது. மெழுகுக் கறையைப் பழைய நைலான் காலுறையால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். கம் கறை போகாது. முப்பது வருடக் கம்மைச் சுவைத்துப் பார்க்கும் வீடியோக்கள் உண்டு. வாயில் வைத்ததும் தூளாகிவிடுகிறதாம்.

கம்பெனிகள் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. பிழையால் தற்செயலாக அரிதானதற்கு மக்கள் பறப்பதைப் பார்த்தபின், அரிதை நாமே தயாரித்தால் என்ன என்ற எண்ணம் வந்துவிட்டது. 1990-ல் அப்பர் டெக் ரெஜி ஜாக்சனை 2,500 கார்டுகளில் கையெழுத்துப் போடவைத்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதி, பாக்கெட்டுகளுக்குள் கலந்துவிட்டது. மறுவருடம் டான்ரஸ் ‘எலீட்’ என்ற பெயரில் 10,000 வரை எண்ணிட்ட கார்டுகளைச் செருகியது. ரைன் சாண்ட்பெர்க் கையெழுத்திட்டவை 5,000. 1993-ல் டாப்ஸ் ‘ஃபைனஸ்ட்’ தொகுதியில் வெளிச்சத்தில் வானவில்லாக மின்னும் ‘ரிஃப்ராக்டர்’ கார்டு வந்தது. 18 பாக்கெட்டுக்கு ஒன்று. பத்தாயிரம் ஐயாயிரமாகி, ஐயாயிரம் சில நூறாகி, 1997-ல் ஃப்ளீர் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிட்ட கார்டுகளைப் பாக்கெட்டில் போட்டது. ஒன்றே ஒன்று என்பதற்கு மேல் எண்ணைக் குறைக்க வழியில்லாததால் கம்பெனிகள் அடுத்து என்ன செய்தன, 2009-ல் வெளியான மைக் ட்ரவுட்டின் ஒற்றைப் பிரதி 2020-ல் 39 லட்சம் டாலருக்கு எப்படிப் போனது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)